எந்த கிரவுன், எந்த பினியன்?

இந்தியாவில் மசில் கார் என்று பேச்செடுத்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹிந்துஸ்தான் கான்டெஸ்ஸாதான். நீண்ட பானெட், அகன்ற தோள், பின்சக்கர இழுவை எல்லாம் அந்தக் குடும்பத்துக்கு உரியவை. பானெட்டுக்கு அடியில் இருந்ததுதான் பொருந்தவில்லை. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடலை எடுத்து 1984-இல் உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கியபோது, அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினையே அதில் வைத்தார்கள். கிடைத்தது சுமார் 50 குதிரைத்திறன். பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்து நிலைமை தேறியது. 2002-இல் தயாரிப்பு நின்றுபோனது. இன்று ஒரு கான்டெஸ்ஸாவைத் தேடிப்பிடித்து வாங்குபவருக்கு, அந்த உடலுக்கு ஏற்ற இன்ஜினைப் பொருத்திப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், அதை இறுக்கமாகப் பொருள்கொண்ட 2019-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் குறுக்கே நிற்கின்றன. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. அதைத் தாண்டியவர் முன்னால் வந்து நிற்கும் அடுத்த கேள்விதான் இந்த அத்தியாயம்: பின் ஆக்சிலில் எந்த ரேஷியோ? சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இதைக் கேட்டால் எளிதில் கிடைக்கக்கூடிய பதில், பெரிய எண்ணாகப் போடுங்கள், பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்பது. பலமான இன்ஜின் வைத்த காருக்கு இந்தப் பதில் தலைகீழானது என்பது என் வாதம். இன்ஜின் பலம் கூடினால் ஆக்சிலின் எண் குறைய வேண்டும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதை அந்தக் கார் ஓடப்போகும் சாலைகளின் வேகம் சொல்ல வேண்டும்.

கிரவுனும் பினியனும் செய்யும் வேலை மிக எளிமையானது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் சிறிய பினியன், பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 13 பல்லும் 43 பல்லும் என்றால் ரேஷியோ சுமார் 3.3. எண் பெரிதானால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை கூடும். அதே விகிதத்தில் வேகம் குறையும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் குதிரைத்திறன். அது ஆக்சிலில் ஒரு துளிகூடக் கூடாது, பல் உராய்வில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இதற்குச் சென்னையிலேயே உருவான பெரிய சாட்சி ஸ்டாண்டர்டு 2000. வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் அதை வெளியிட்டது. உடல், 1976-இல் பிரிட்டனில் வந்த ரோவர் எஸ்டி1 காருடையது. அங்கே அதற்கு 155 குதிரைத்திறன் தரும் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் இருந்தது. இங்கே அந்த இடத்தில் 1940-களின் வேன்கார்டு கார் காலத்து வடிவமைப்பிலிருந்து வந்த 1991 சிசி இன்ஜினை வைத்தார்கள். திறன் 80-க்குச் சற்றே மேல். 1988-இல் கதை முடிந்தது. அத்தனை பெரிய உடலுக்குள் அத்தனை சிறிய திறனை வைத்துவிட்டு, ஆக்சிலில் எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் அந்தக் காரைக் காப்பாற்றியிருக்க முடியாது. இன்ஜின் தன் திறனை எந்த வேகத்தில் செலவிட வேண்டும் என்று தீர்மானிப்பது மட்டுமே ஆக்சிலின் அதிகாரம்.

கணக்குக்குள் இறங்குமுன், கையில் இருக்கும் ஆக்சிலின் எண் என்ன என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பழைய வண்டியில் ஹவுசிங் எத்தனை முறை மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. தகட்டில் அடித்திருப்பதை நம்பவும் முடியாது. பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். டயரின் ஓரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. மற்ற சக்கரம் தரையில் அசையாமல் இருப்பதால், டிஃபரன்ஷியலின் இயல்புப்படி, தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். ஒருவர் டயரைக் கையால் மெதுவாக 20 முறை சுற்ற, இன்னொருவர் அடியில் ஷாஃப்டின் கோட்டை எண்ண வேண்டும். 41 வந்தால் ரேஷியோ 4.1, 33 வந்தால் 3.3. இரண்டே சுற்றோடு நிறுத்தி 'நாலும் கொஞ்சமும்' என்று முடிவு கட்டுவதால்தான் 3.9-ஐயும் 4.1-ஐயும் குழப்பிக்கொள்கிறார்கள். பொதுவாக இந்த எண்கள் முழு எண்ணாக வராமல் பின்னமாக வருவதற்கும் காரணம் உண்டு: சரியாக 4 என்று இருந்தால் பினியனின் ஒரு பல் கிரவுனின் அதே நான்கு பற்களையே ஆயுள் முழுக்கச் சந்தித்துக்கொண்டிருக்கும், ஒரு பல்லில் உள்ள குறை அந்த நான்கையும் அரித்துவிடும். பின்னமாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் பரவலாகும்.

இப்போது ஒரு மாதிரிக் காரை எடுத்துக்கொள்வோம். 195/65 ஆர்15 டயர். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும். இந்த 500-ஐ மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வாய்க்கணக்கு. நான்காவது கியர் நேரடி, ஐந்தாவது 0.8 என்று கொண்டால், 4.1 ஆக்சிலில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நான்காவதில் 2050 சுற்றும், ஐந்தாவதில் 1640 சுற்றும் ஓடும். 3.3 ஆக்சிலில் அவை 1650, 1320. இந்த 60-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கார் போன்ற இலகு வாகனங்களுக்கு விதித்த உச்ச வேகம் அதுதான்; குடியிருப்புத் தெருக்களில் 30. மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து அடையாறு வரையிலும், பனகல் பூங்காவைச் சுற்றியும் ஓடும் ஒரு காருக்கு, மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகச் சாலைகள் சுருங்கிக் கிடக்கும் இந்த ஆண்டுகளில், அந்த 60-கூட அரிதாகக் கிடைக்கும் வரம். திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போகும்போதுதான் வண்டி மூச்சுவிடும். எந்த ரேஷியோவும் இந்த இரண்டு உலகங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பெரிய எண் கேட்பவரின் வாதத்தை அதன் பலமான இடத்திலேயே சந்திப்போம்: நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணம். முதல் கியர் 3.5, இரண்டாவது 2.0 என்று கொள்வோம். கார் ஆளோடு சேர்த்து 1300 கிலோ. கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதால் சுமார் 55 சதவீதம், அதாவது 715 கிலோ பின்சக்கரங்களில் இருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயரின் பிடிப்பை 0.8 என்று வைத்தால், அந்த இரண்டு டயர்களும் தரையைத் தள்ளக்கூடிய உச்ச விசை சுமார் 570 கிலோ. அதற்கு மேல் எது வந்தாலும் டயர் வழுக்கிச் சுழலும், வண்டி வேகமெடுக்காது. பழைய இன்ஜின் 135 நியூட்டன் மீட்டர் தருவதாகக் கொண்டால், 4.1 ஆக்சிலில் முதல் கியரில், வழியில் நேரும் இழப்பு போக, தரையில் கிடைப்பது சுமார் 530 கிலோ. டயரின் எல்லைக்குச் சற்றே கீழே, கச்சிதமாக நிற்கிறது. அதே காரில் 3.3 போட்டிருந்தால் 430 கிலோவுக்குக் கீழே போயிருக்கும், வண்டி சோம்பலாகக் கிளம்பியிருக்கும். பலவீனமான இன்ஜினுக்குப் பெரிய எண் என்ற பழைய அனுபவம் இதிலிருந்துதான் பிறந்தது, அது சரியான அனுபவமும்கூட. இப்போது 300 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினை வையுங்கள். 4.1 ஆக்சிலில் முதல் கியரில் வருவது 1180 கிலோ; டயர் தாங்குவதைப் போல இரண்டு மடங்கு. இரண்டாவது கியரிலும் 670 கிலோ. அங்கேயும் டயர் தோற்கிறது. 3.3-க்கு இறங்கினால் முதல் கியரில் 950, இன்னும் தேவைக்கு மேல்தான். இரண்டாவதில் 540, எல்லைக்குள் வந்து அமர்கிறது. பழைய காரின் முதல் கியர் எதைச் செய்ததோ அதைப் புதிய காரின் இரண்டாவது கியர் செய்கிறது. முதல் கியரில் 3.3 குறைத்துவிடுகிறது என்று வருந்தப்படும் இழுவை, தரைக்கு ஒருபோதும் போய்ச் சேர்ந்திராத இழுவை. மாறாகக் கிடைப்பது என்னவென்றால், 5500 சுற்று வரை விரட்டினால் முதல் கியர் 46 கிலோமீட்டரில் தீர்ந்துவிடாமல் 57 வரை நீளும். இரண்டாவது 80-இல் நிற்காமல் 100-ஐத் தொடும்.

காகிதக் கணக்கு இது என்று சொல்பவருக்கு, காரைப் படைத்த பொறியாளர்களே என்ன செய்தார்கள் என்று காட்டலாம். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலம், பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு. அங்கே 948 சிசி இன்ஜின் இருந்தவரை பின் ஆக்சில் 4.875. இன்ஜின் 1147 சிசியாக வளர்ந்ததும் அது 4.11 ஆனது. அதே அடித்தளத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர் 4.11-இல் தொடங்கி, 3.89-க்கு இறங்கி, 1493 சிசி இன்ஜின் வந்தபோது 3.63-இல் நின்றது. அதே உறவில் ஆறு சிலிண்டர், இரண்டு லிட்டர் ஜிடி6 காருக்கு 3.27. ஒரே குடும்பத்து ஆக்சில், கிட்டத்தட்ட ஒரே அளவு சக்கரம், மாறியது பெரும்பாலும் இன்ஜின்தான். இன்ஜின் பெருத்துக்கொண்டே போனபோது எண் மொத்தத்தில் இறங்கியே வந்தது. கார் நிறுவனங்கள் எரிபொருள் சிக்கனத்துக்காகவும் சத்தம் குறைவதற்காகவும் இப்படிச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் ஜிடி6 வேகத்தை விற்ற கார். அதை மந்தமாக்க அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. சென்னையில் உருவான ஹெரால்டு 948 சிசியிலேயே தங்கிவிட்டது. 1972-இல் அதே நிறுவனத்தின் கசெல் கார் வந்தபோது ஆக்சிலின் வகையே மாறி, ஊசலாடும் அச்சுக்குப் பதில் ஒரே துண்டான திட அச்சு வந்தது. இன்ஜின் மட்டும் வளரவில்லை.

அப்படியானால் அமெரிக்காவின் பேர்பெற்ற மசில் கார்களில் 3.91, 4.10 என்ற எண்கள் ஏன் பெருமையாகப் பேசப்பட்டன? அவர்களிடம் இல்லாத பலமா நம்மிடம்? இந்த எதிர்க்கேள்வி நியாயமானது. கிரைஸ்லர் பட்டியலில் 2.76 முதல் 4.10 வரை இருந்தன. பெரிய எண்களைக் கேட்டு வாங்கியவர்களில் பலர் கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பந்தயத்தை மனதில் வைத்தவர்கள். அந்தப் பந்தயத்தில் கோட்டைத் தாண்டும் கணத்தில் இன்ஜின் தன் உச்சத் திறனில் இருக்க வேண்டும். தாண்டிய பிறகு என்ன ஆனாலும் கவலையில்லை. டயரும் அதற்கென்றே ஒட்டும் டயராக மாற்றப்படும், பிடிப்புக் கணக்கே வேறாகிவிடும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் மூன்று அல்லது நான்கு கியர்தான், ஓவர்டிரைவ் அபூர்வம். அந்த இன்ஜின்களும் பல 5000 சுற்றுக்கு மேலேதான் முழுத் திறனைக் கக்கின. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பந்தயம் நடத்திய நாட்களிலும் இதே தர்க்கம்தான் பொருந்தும். பந்தயக் கார் அந்தத் தளத்தின் மிக நீண்ட நேர்கோட்டின் முடிவில் கடைசி கியரில் உச்சத் திறனைத் தொட வேண்டும்; ரேஷியோ அந்த ஒரு புள்ளியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டப்போகும் காருக்கு இன்றும் அப்படித்தான் தேர்வு செய்ய வேண்டும். சேமியர்ஸ் சாலையில் ஓடும் காருக்கு முடிவுக்கோடு கிடையாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் தி. நகரிலிருந்து வருகிறது, அதை எளிதில் ஒதுக்க முடியாது. உஸ்மான் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டி 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. அப்போது சக்கரம் நிமிடத்துக்கு 50 சுற்று. முதல் கியரில் 4.1 ஆக்சில் என்றால் இன்ஜின் 718 சுற்று; கிளட்சை முழுக்க விட்டுவிட்டு ஐடிலிங்கிலேயே ஏறக்குறைய உருட்டிவிடலாம். 3.3 என்றால் 578. இன்ஜின் திணறும், ஓட்டுபவர் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், பிளேட் தேயும். ஏசி ஓடும் காரில் இது இன்னும் கொஞ்சம் கடினம். இந்த இடத்தில் சிறிய எண் உண்மையாகவே தோற்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோல்வி எவ்வளவு பெரியது என்றும் பார்க்க வேண்டும். 8 கிலோமீட்டர் வேகத்திலேயே 3.3 ஆக்சிலிலும் இன்ஜின் 770-ஐ எட்டிவிடுகிறது. இடையில் இருக்கும் அந்த 2 கிலோமீட்டர் வேகத்துக்காக மற்ற எல்லா வேகங்களையும் பலிகொடுப்பது சரியில்லை. மெதுவான முனையைச் சரிசெய்ய வேண்டிய இடம் முதல் கியர். வேகமான முனையைச் சரிசெய்ய வேண்டிய இடம் ஆக்சில். முதல் கியர் 3.8 உள்ள பெட்டி கிடைத்தால் 3.3 ஆக்சிலோடு மொத்தம் 12.5 வரும். அது கிடைக்காது, கார் பாண்டி பஜாரையும் மேற்கு மாம்பலத்தையும் தாண்டுவது அபூர்வம் என்றால் 3.55 போடுங்கள். 3.5 முதல் கியரோடு அதுவும் ஏறக்குறைய அதே அளவைத் தரும். இன்ஜினே மாற்றாத பழைய 1.5 லிட்டர் கான்டெஸ்ஸாவாக இருந்தால் ஆக்சிலைத் தொடவே வேண்டாம்.

மேம்பாலங்களைப் பற்றியும் ஒரு பயம் உண்டு. சென்னை தட்டையான ஊர். ஜெமினி மேம்பாலமும் ஜி.என். செட்டி சாலை மேம்பாலமும்தான் நமக்கு மலை. 5 சதவீத ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நம் மாதிரிக் கார் ஏறுவதற்கு, 3.3 ஆக்சிலும் 1.4 மூன்றாவது கியரும் இருந்தால், இன்ஜினிடம் கேட்பது சுமார் 70 நியூட்டன் மீட்டர். 300 தரக்கூடிய இன்ஜினுக்கு இது கால்வாசிகூட இல்லை. சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட மொத்தமே ஏழு குதிரைத்திறன் போதும். 100-இல் சுமார் 22. இவ்வளவு சிறிய தேவையை 2700 சுற்றில் கொடுப்பதா, 2200 சுற்றில் கொடுப்பதா என்பதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐந்தாவது கியர் எதிர்கொள்ளும் கேள்வி. பெட்ரோல் இன்ஜின் குறைந்த சுமையில் வேகமாகச் சுழலும்போது, பாதி மூடிய த்ராட்டில் வழியே காற்றை உறிஞ்சவே நிறைய உழைப்பை வீணாக்குகிறது. அதே திறனைக் குறைந்த சுற்றில், த்ராட்டிலை இன்னும் திறந்து தரும்போது அந்த வீண் உழைப்பும் உராய்வும் குறைகின்றன. மைலேஜ் ஏறுகிறது, கேபினில் இரைச்சல் தணிகிறது. குறைந்த சுற்றில் இன்ஜின் முக்காதா என்பார்கள். 1320 சுற்றில் ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் முக்கும்தான். அதற்கு நான்காவது கியர் இருக்கிறது. லாரியை முந்தும்போது ஒரு கியர் இறக்குவதை அவமானமாக நினைக்கும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. கியர் பெட்டியைப் படைத்ததே அதற்காகத்தான்.

எண்ணைத் தேர்ந்த பிறகு பொருத்துவதில் கஞ்சத்தனம் கூடாது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி; ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்தால் ஊளையிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் போகும். ஹைப்பாய்டு வகையில் பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே அமர்ந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. சாதாரண கியர் ஆயில் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும், ஜிஎல்-5 தரத்து எண்ணெய்தான் வேண்டும். பினியனின் ஆழத்தை ஷிம் வைத்துச் சரிசெய்து, பற்களில் வண்ணக் களிம்பு பூசிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. களிம்புத் தடம் பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் அதிகம் உள்ளே இருக்கிறது, உச்சிப்பக்கம் ஒதுங்கினால் போதிய அளவு உள்ளே இல்லை.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். பழைய கார்களில் அதன் கேபிள் கியர் பெட்டியின் வெளிமுனையிலிருந்து கிளம்புகிறது. ஆக்சில் மாறியது அதற்குத் தெரியாது. 4.1-ஐ எடுத்துவிட்டு 3.3 போட்ட காரில், அதே வேகத்துக்கு ஷாஃப்ட் முன்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சுழலும், முள்ளும் அவ்வளவு குறைத்தே காட்டும். முள் 60-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 75-க்கு அருகே போய்க்கொண்டிருக்கும். அடையாறு சர்தார் படேல் சாலையில் இதை அபராதச் சீட்டு மூலம் கண்டுபிடிப்பதைவிட, கிரவுன் மாற்றும் அன்றே ஸ்பீடோமீட்டரின் சிறிய பிளாஸ்டிக் கியரையும் ஏற்ற பல் எண்ணிக்கையில் மாற்றிவிட்டு, போனின் ஜிபிஎஸ் வேகத்தோடு 30-இலும் 60-இலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.